வண்டிக் குதிரையும் பென்சில் கோடும்: ஜெரிக்கோவின் தாள்களைப் பார்க்கப் பழகுவோருக்கான கேள்வி பதில்கள்

கலை வரலாறு படிக்கும் மாணவர்களும் ஓவியம் பழகும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலானவை ஒரே பயிற்சியிலிருந்து பிறந்தவை: கற்பனாவாதக் (ரொமாண்டிசிசம்) காலத்தைச் சேர்ந்த, உழைக்கும் குதிரை ஒன்றின் பென்சில் ஓவியத்தை எடுத்துக்கொண்டு அதன் வடிவத்தைப் பகுத்தாய்ந்து எழுத வேண்டும். பலர் இந்த இடத்தில் திணறுகிறார்கள். கதை இல்லை, வண்ணம் இல்லை, போர் இல்லை, பெயர் தெரிந்த மனிதர் இல்லை. ஒரு குதிரை நிற்கிறது, அவ்வளவுதான். அதில் எழுத எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டத்தான் இந்தப் பக்கம்.

வடிவப் பகுப்பாய்வு என்றால் என்ன?

தாளில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்துக்கொண்டு, அது எப்படி உருவாக்கப்பட்டிருக்கிறது, பார்ப்பவரிடம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவது. கோடு, ஒளி நிழல், அளவு, இடம், வெற்றிடம், பார்வைக் கோணம் ஆகியவை இதற்குள் அடங்கும். ஓவியரின் வாழ்க்கை வரலாறு பின்னால் வரலாம். முதலில் கண்.

இந்தப் பக்கம் எந்த ஓவியங்களை வைத்து எழுதப்பட்டது?

பிரெஞ்சு ஓவியர் தியோடர் ஜெரிக்கோ வரைந்த வண்டிக் குதிரைகளை வைத்து. 1791-இல் ரூவான் நகரில் பிறந்து 1824 ஜனவரியில் பாரிஸில், 32 வயதில் இறந்தவர். 'மெதூசாவின் தெப்பம்' என்ற மாபெரும் கப்பல் விபத்து ஓவியத்தால் உலகம் அவரை அறியும். ஆனால் அவர் கை ஓயாமல் வரைந்தது குதிரைகளைத்தான். அவர் முதலில் பயிற்சி பெற்ற கார்ல் வெர்னே குதிரை ஓவியத்திற்குப் பெயர்போனவர். அதற்குப் பிறகுதான் கெராங் என்ற ஓவியரிடம் மரபான பாடத்தைக் கற்றார். அவருடைய பென்சில் தாள்களும் குறிப்பேடுகளும் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம், அங்குள்ள நுண்கலைக் கல்லூரி, சிகாகோ கலைக் கழகம் எனப் பல இடங்களில் இருக்கின்றன.

உங்கள் கையில் இருப்பது வேறொருவர் வரைந்த தாளாகவும் இருக்கலாம். இங்கே சொல்லும் பார்வை முறை அதற்கும் பொருந்தும்.

வீரத்தையும் புயலையும் விரும்பிய காலத்தில், ஒரு பெரிய ஓவியர் ஏன் வண்டிக் குதிரையை வரைந்தார்?

இந்தக் கேள்விக்கு அவருடைய முதல் வெற்றியிலேயே பதில் ஒளிந்திருக்கிறது. 1812-இல், 21 வயதில், பாய்ந்து தாக்கும் குதிரைப்படை அதிகாரியின் ஓவியத்தைப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம். சாம்பல் நிறக் குதிரை பின்னங்கால்களில் எழும்பி நிற்க, வாளேந்திய அதிகாரி திரும்பிப் பார்க்கிறார். இந்தக் காட்சி அவருக்கு எங்கே கிடைத்தது? ஸான் க்ளூ திருவிழாவுக்குப் போகும் சாலையில், வண்டியில் பூட்டியிருந்த ஒரு சாம்பல் குதிரை மிரண்டு எழும்பியதைப் பார்த்தபோது கிடைத்தது என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நெப்போலியன் படையின் அந்தப் போர்க்குதிரை, பிறப்பால் ஒரு வண்டிக் குதிரை. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். சேணத்தில் பதக்கம் தொங்குகிறதா, வாரில் சேறு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல், உடலின் விசையை மட்டும் பார்த்த கண் அது.

1820-இல் 'மெதூசாவின் தெப்பம்' லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஜெரிக்கோவும் அங்கே போனார். மறு ஆண்டின் பெரும்பகுதியும் அங்கேதான் கழிந்தது. நிலக்கரி, பீர், கட்டுமானக் கல் எல்லாம் குதிரை முதுகை நம்பி நகர்ந்த நகரம் அது. நீராவி எந்திரம் வந்துவிட்டது, ஆனால் அதன் ஆற்றலை அளக்கவும் குதிரையே தேவைப்பட்டது: நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓரடி உயரம் தூக்கும் வேலையை ஒரு குதிரைத்திறன் என்று ஜேம்ஸ் வாட் வகுத்தது 1780-களில்தான். குதிரையின் உழைப்பு எண்ணாக மாறிக்கொண்டிருந்த தலைமுறையில், அந்த உழைப்பை உடலாகவே பார்த்து வரைந்தவர் ஜெரிக்கோ. கற்பனாவாதம் என்றவுடன் நிலவொளியையும் இடிந்த கோட்டையையும் மட்டும் நினைத்துக்கொள்வோருக்கு இந்தத் தாள்கள் வியப்பளிக்கும். கண்ணெதிரே மூச்சிரைக்கும் ஓர் உயிரைத் தனக்குச் சமமாகக் கருதிப் பார்ப்பதும் அந்த இயக்கத்தின் உள்ளே இருந்ததுதான்.

தாளை முன்னால் வைத்துவிட்டேன். எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

எல்லோரும் தலையிலிருந்து தொடங்குகிறார்கள். கண் அங்கே போவது இயல்பு. நான் மாணவர்களிடம் சொல்வது: கழுத்து தோளோடு சேரும் இடத்திற்குப் போங்கள். அங்கே தடித்த மெத்தை வளையம் ஒன்று இருக்கும். அதுதான் கழுத்துப்பட்டை. உழைக்கும் குதிரையின் ஓவியம் முழுவதும் அந்த வளையத்தைச் சுற்றித்தான் கட்டப்படுகிறது.

மாட்டுவண்டி பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. காளைக்குத் திமில் உண்டு. நுகத்தடி அதன் முன்னால் படிந்து நிற்கும், காளை அதைத் தள்ளிக்கொண்டு நடக்கும். குதிரைக்குத் திமில் இல்லை. அதன் தொண்டையில் வாரைக் கட்டி இழுக்கவைத்தால் மூச்சு திணறும். அதனால்தான் பாரத்தைத் தோள் எலும்புகளின் மேல் பரப்பும் கெட்டியான வளையம் தேவைப்பட்டது. வளையத்தின் இரு பக்கமும் இழுசங்கிலி அல்லது வார் பின்னோக்கிப் போய் வண்டியில் முடியும். குதிரை இழுப்பதாக நாம் சொன்னாலும், அது செய்வது தள்ளுவதுதான்: பின்னங்கால்களால் நிலத்தை உதைத்து, மார்பை வளையத்திற்குள் சாய்க்கிறது.

இனி பென்சிலைப் பாருங்கள். நல்ல தாள் என்றால், பாரம் எங்கே விழுகிறதோ அங்கே பென்சிலும் அழுந்தியிருக்கும். வளையத்தின் கீழ் விளிம்பில், தோள்தசை பிதுங்கும் மடிப்பில், பின்தொடையின் அடிப்பகுதியில், குளம்பு நிலத்தைத் தொடும் இடத்தில் கோடு கறுக்கும், தடிக்கும். முதுகின் மேல்விளிம்பில், பாரம் இல்லாத இடத்தில், கோடு மெலிந்து சில அங்குலம் காணாமலே போய்விடும். குதிரையின் உடலில் சுமை பரவிய முறையும் தாளில் கிராஃபைட் (பென்சிலின் நடுவே இருக்கும் கரும்பொருள்) பரவிய முறையும் ஒன்றாகவே இருக்கும். இதைக் கண்டுகொண்டவர் மீதியை எழுதிவிடலாம். நான் இந்தப் பக்கத்தை எழுதியதே இந்த ஒன்றைச் சொல்லத்தான்.

கோட்டைப் பற்றி எழுதும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

வேகம், அழுத்தம், தொடர்ச்சி. ஒரே மூச்சில் இழுத்த கோடா, தயங்கித் தயங்கி வந்ததா? நுனியால் வரைந்ததா, பென்சிலைச் சாய்த்துப் பக்கவாட்டில் தேய்த்ததா? முதுகெலும்பின் நீண்ட வளைவு பெரும்பாலும் தோளிலிருந்து கையை அசைத்து வரைந்த கோடாக இருக்கும். கணுக்காலும் வார்ப் பூட்டும் விரல் அசைவில் பிறந்தவை. ஒரே தாளில் இந்த இரண்டும் மாறிமாறி வருவதைப் பார்க்கும்போது ஓவியர் எங்கே உறுதியாக இருந்தார், எங்கே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்துவிடும்.

நிழலிடும் கோடுகளின் திசையையும் பாருங்கள். தொடைத் தசையின் மேல் கோடுகள் வளைந்து போனால் அவை உருண்டைத் தன்மையைக் காட்டுகின்றன. எல்லாம் ஒரே சாய்வில் இணையாகப் போனால் அவை ஒளியைக் காட்டுகின்றன, உடலை அல்ல. முன்னது சிற்பி மாதிரித் தொட்டுப் பார்ப்பது, பின்னது எட்ட நின்று பார்ப்பது. ஜெரிக்கோவின் கை முன்னதன் பக்கமே அதிகம் சாயும்.

பென்சில்தானே, அதில் வரலாறு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவின் சிறந்த கிராஃபைட் இங்கிலாந்தின் வடமேற்கே, பாரோடேல் பள்ளத்தாக்கின் சுரங்கத்திலிருந்துதான் வந்தது. வெட்டி எடுத்து, சீவி, மரத்துக்குள் செருகினால் போதும், அவ்வளவு தூய்மையானது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பிரான்ஸும் பிரிட்டனும் போரில் இறங்கியதும் அந்த வரத்து நின்றுபோனது. அப்போது நிக்கோலா ஜாக் கோன்டே என்பவர், கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டுக் குச்சியாக்கும் முறையைக் கண்டுபிடித்து 1795-இல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் குச்சி கடினமாகும், கோடு வெளிறும். குறைந்தால் மிருதுவாகும், கோடு கறுக்கும். இன்று கடையில் நாம் கேட்டு வாங்கும் எச், பி வகைகளுக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

அந்த ஆண்டில் ஜெரிக்கோ நான்கு வயதுக் குழந்தை. பல்வேறு கடினங்களில் வேண்டியபடி பென்சில் கிடைத்த முதல் தலைமுறை ஓவியர்கள் அவரும் அவர் வயதினரும்தான். கோட்டை மெலியவிட்டுக் கறுக்கவிடும் அந்த விளையாட்டைப் பார்க்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள். வழியில் ஒரு சின்னச் செய்தி: பென்சிலின் நடுவே இருப்பதை ஈயம் என்று பலர் இன்னும் சொல்கிறார்கள். அது ஈயமே இல்லை, கரிமம். லண்டன் தெருவில் நிலக்கரி இழுத்த குதிரை, நிலக்கரியின் உறவுக்காரப் பொருளால் தாளில் நிற்கிறது.

நிழல் ஏன் முழுக் கறுப்பாக இல்லை? மங்கிப்போய்விட்டதா?

இல்லை. கிராஃபைட்டின் இயல்பே அதுதான். ஓரளவுக்கு மேல் அழுத்தினால் அது கறுக்காது, பளபளக்கும். தாளைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் இருண்ட பகுதிகள் வெள்ளிபோல மின்னும். ஆழ்ந்த கறுப்பு வேண்டுமென்றால் ஓவியர் கரிக்கோலையோ கருஞ்சுண்ணத்தையோ எடுத்திருப்பார், அல்லது பென்சிலின் மேல் மையும் பழுப்பு நீர்வண்ணமும் சேர்த்திருப்பார்; ஜெரிக்கோ பல தாள்களில் அப்படிச் செய்திருக்கிறார். பென்சிலோடு நிறுத்திக்கொண்டார் என்றால் சாம்பல் நிறத்தின் நடுப்பகுதியில் உழைக்க விரும்பினார் என்று பொருள். மயிர் அடர்ந்த, தூசி படிந்த, வியர்வை காய்ந்த தோலுக்கு அந்தச் சாம்பல் எவ்வளவு பொருத்தம் என்று எண்ணிப் பாருங்கள்.

குதிரையைச் சுற்றி ஒன்றுமே வரையவில்லை. இது முடிக்கப்படாத ஓவியமா?

முடிக்கப்படாததாக இருக்கலாம், ஆனால் வெற்றிடம் என்பது குறை அல்ல. வெறும் தாள் இங்கே மூன்று வேலை செய்கிறது. பின்னணி இல்லாததால் புறக்கோடு முழுச் சுமையையும் தாங்குகிறது. வயிற்றிலும் பின்தொடையிலும் வெள்ளையாக விடப்பட்ட இடங்கள் தோலின் மேல் விழும் ஒளியாகின்றன. அதாவது ஒரே தாள் வெளியே காற்றாகவும் உள்ளே தசையாகவும் தெரிகிறது. மூன்றாவது வேலையைத்தான் மாணவர்கள் தவறவிடுகிறார்கள். குளம்புகளின் கீழே நாலைந்து கிடைக்கோடுகளோ சிறு நிழலோ போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். போட்டிருந்தால் குதிரைக்கு எடை வந்துவிடுகிறது. அந்த நாலு கோட்டைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு டன் எடை வரக்கூடிய விலங்கு காகிதப் பொம்மைபோல மிதக்கத் தொடங்கும்.

தாளின் எந்தப் பக்கம் அதிக வெற்றிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். முகத்துக்கு முன்னால் இடம் இருந்தால் குதிரை போகப் போகிறது. முகம் தாளின் விளிம்பை முட்டினால் அது போக வேண்டிய தூரம் போய்விட்டது, அல்லது தடுக்கப்பட்டிருக்கிறது.

பல ஓவியங்களில் குதிரையின் பின்புறத்தைக் காட்டுகிறாரே, ஏன்?

மிக நல்ல கேள்வி. இதற்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். அரசரின் குதிரையை எவரும் பின்னாலிருந்து வரைவதில்லை. பக்கவாட்டுத் தோற்றமோ முக்கால் முகமோதான் மரியாதையான கோணங்கள். ஆனால் வண்டிக்காரர் நாள் முழுவதும் பார்ப்பது எதை? பிட்டத்தையும் வாலையும் நடந்து நடந்து ஏறி இறங்கும் இடுப்பெலும்பையும்தான். லாயத்துக்குள் நுழைபவர் முதலில் காண்பதும் அதையே. லூவ்ரில் ஜெரிக்கோ தீட்டிய எண்ணெய் வண்ணப் படம் ஒன்று இருக்கிறது: ஐந்து குதிரைகள், ஐந்தும் பின்புறம். ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து வேறுபட்டு, ஆட்களின் முகம்போலத் தனித்தனியாகத் தெரிகின்றன. உழைக்கும் குதிரையின் விசை பிறக்கும் இடம் அந்தப் பின்தொடைகளே என்பதை நினைத்துக்கொண்டால், அவர் ஏன் அங்கே போய் நின்றார் என்பது விளங்கும்.

லண்டனில் 1821-இல் அவர் வெளியிட்ட கல்லச்சுப் படங்களில் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடுபவை) ஒன்று, அடெல்ஃபி துறையின் நுழைவாயில். தேம்ஸ் கரையில் கட்டடக் கலைஞர்களான ஆடம் சகோதரர்கள் கட்டிய அடெல்ஃபி மாளிகை வரிசைக்கு அடியில் நீண்ட வளைவுச் சுரங்கங்கள் ஆற்றுத்துறை வரை போயின. படத்தில் கனத்த வண்டிக் குதிரைகள் நமக்கு முதுகைக் காட்டி அந்த இருண்ட வளைவுக்குள் நுழைகின்றன. வடிவமாகப் பாருங்கள்: வளைவின் அரைவட்டம் மேலே, பிட்டங்களின் வட்டங்கள் கீழே, கழுத்துப்பட்டையின் வளையங்கள் நடுவே. வட்டங்கள் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. முகமே தெரியாத உயிர்களின் மேல் நம் மனம் இப்படிக் கவிவது, இருட்டுக்குள் போகும் அந்தத் திசையால்தான்.

பின்புறக் கோணத்தில் நீளம் குறுகிவிடும். இரண்டரை மீட்டர் நீள உடல் தாளில் ஒரு கைப்பிடி அகலத்துக்குள் அடங்க வேண்டும். அதை ஒரு வடிவம் இன்னொன்றை மறைப்பதால் மட்டுமே சாதிக்க முடியும்: தொடை வயிற்றை மறைக்க, வயிறு தோளை மறைக்க, தோள் கழுத்தை மறைக்க. எந்தக் கோடு எதன் முன்னால் நின்றுவிடுகிறது என்று எண்ணி எழுதினாலே நல்ல ஒரு பத்தி கிடைக்கும்.

கால்களைச் சரியாக வரைந்திருக்கிறாரா என்று எப்படிச் சோதிப்பது?

நிற்கும் குதிரையிலிருந்து தொடங்குங்கள். ஓய்வாக நிற்கும்போது குதிரை ஒரு பின்னங்காலைத் தளர்த்திக் குளம்பின் நுனியை மட்டும் நிலத்தில் ஊன்றும். மற்றப் பின்னங்காலின் முட்டி பூட்டுப் போட்டதுபோல நின்றுகொள்வதால் தசைக்கு அதிக வேலை இல்லாமலே எடை தாங்கப்படும். அப்போது இடுப்பு ஒரு பக்கம் சரியும். தாளில் அந்தச் சரிவு இருக்கிறதா? முன்னங்கால்கள்தான் உடல் எடையில் பாதிக்கு மேல் தாங்குகின்றன. அவை தூண்போல நேராக இருக்கின்றனவா?

நடக்கும் குதிரை என்றால் ஒழுங்கு இது: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். எப்போதும் இரண்டோ மூன்றோ கால்கள் நிலத்தில் இருக்கும். கனத்த சுமையை இழுக்கும்போது தலை தாழும், முன்னுடல் சாயும், பின்குளம்புகளின் முனை மண்ணைக் குத்தும்.

நடையில் ஜெரிக்கோவின் கண் நம்பத்தக்கது. ஓட்டத்தில் அப்படிச் சொல்ல முடியாது. 1821-இல் அவர் தீட்டிய எப்ஸம் குதிரைப் பந்தயத்தில் குதிரைகள் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கின்றன. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வரைந்தார்கள். 1878-இல் கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் எடுத்த தொடர் புகைப்படங்கள்தான், நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும் நொடியில் அவை வயிற்றுக்குக் கீழே மடங்கியிருக்கின்றன என்று காட்டின. மெதுவாக நடக்கும் விலங்கை அவர் நேராகப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. ஓடும் விலங்கை மரபு சொன்னபடி வரைந்தார். பந்தயக் குதிரையைவிட வண்டிக் குதிரையில் அவர் உண்மைக்கு அருகில் இருக்கிறார் என்று நான் துணிந்து சொல்வேன்.

ஒரே காலுக்கு இரண்டு மூன்று கோடுகள் தெரிகின்றன. இது பிழையா?

ஓவியர் தேடிய தடம். முதலில் மென்மையாக வரைந்து, சரியில்லை என்று பார்த்து, அழிக்காமல் பக்கத்திலேயே அழுத்தமாக மறுபடி வரைந்திருக்கிறார். இதை மறைக்காமல் எழுதுங்கள். எந்த இடத்தில் திருத்தம் அதிகம் என்று குறியுங்கள். பெரும்பாலும் பின்னங்காலின் நடுமூட்டிலும் கழுத்தின் கீழ்க்கோட்டிலும் இருக்கும். அசையாமல் நிற்கச் சொன்னால் கேட்காத விலங்கை வரைந்திருக்கிறார் என்பதற்கும் அவை சான்று.

குதிரையின் முகத்தில் சோகம் தெரிகிறது என்று எழுதலாமா?

எழுத ஆசையாக இருக்கும். எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை எழுதுவதற்கு முன், எது உங்களுக்கு அப்படித் தோன்றச் செய்தது என்று தாளில் விரல் வைத்துக் காட்டுங்கள். வண்டிக் குதிரைகளுக்குப் பெரும்பாலும் கண்மறைப்புப் பட்டி கட்டியிருப்பார்கள், கண்ணே தெரியாது. அப்படியானால் சோகம் எங்கிருந்து வந்தது? காதுகள் பக்கவாட்டில் தளர்ந்திருப்பதிலிருந்தா, கீழுதடு தொங்குவதிலிருந்தா, தலை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்கியதிலிருந்தா?

ஒரு மாணவி முதலில் எழுதியது இப்படி இருந்தது: "குதிரை மிகவும் களைப்பாகவும் பாவமாகவும் இருக்கிறது." திருத்தி எழுதியபோது இப்படி வந்தது: "முதுகிலிருந்து இறங்கும் கோடு கழுத்துப்பட்டையில் ஒருமுறை தடைபட்டு, பிறகு நெற்றி வரை ஒரே சரிவாக விழுகிறது. தாளிலேயே மிக நீளமான இறங்குகோடு அதுதான். அதை மேலே தூக்க எதிர்க்கோடு எதுவும் இல்லை. காதுகள்கூட அந்தச் சரிவின் திசையிலேயே சாய்ந்திருக்கின்றன." இரண்டாவதில் களைப்பு என்ற சொல்லே இல்லை. படிப்பவருக்குக் களைப்பு தெரிகிறது.

வார், பூட்டு, சங்கிலி இவற்றையெல்லாம் விவரிக்க வேண்டுமா?

எல்லாவற்றையும் வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வார்கள் நேர்கோடுகள், உடல் வளைகோடு. தொய்ந்து தொங்கும் வார் குதிரை இழுக்கவில்லை என்பதைச் சொல்கிறது. விறைத்த வார் இழுக்கிறது என்பதைச் சொல்கிறது. வயிற்றைச் சுற்றிப் போகும் வார், அந்த இடத்தில் உடல் எவ்வளவு உருண்டை என்பதை வேறெந்த நிழலையும்விடத் தெளிவாகக் காட்டிவிடும்.

எந்த இனக் குதிரை என்று அடையாளம் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. கால்களின் கீழ்ப்பகுதியில் நீண்ட மயிர் குளம்பை மூடியிருந்தால் ஆங்கிலேய ஷயர் அல்லது ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் வகையின் மூதாதை என்று எண்ண இடமுண்டு. மயிரில்லாத சுத்தமான கால்களோடு உருண்டு திரண்ட உடல் என்றால் சஃபோக் வகை, அல்லது பிரெஞ்சுப் பெர்ஷரோன், பூலோனே. ஆனால் ஷயர் இனத்துக்கு முறையான பதிவேடு வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஜெரிக்கோ காலத்துத் தெருக்குதிரைக்கு இன்றைய இனப்பெயரை உறுதியாகச் சூட்ட வேண்டாம்.

பென்சில் ஓவியத்துக்கும் அதே பொருளில் அவர் செய்த கல்லச்சுக்கும் என்ன வேறுபாடு?

லித்தோகிராஃப் எனப்படும் கல்லச்சில் ஓவியர் கொழுப்புக் குச்சியால் நேரடியாகக் கல்லின் மேல் வரைகிறார். கொழுப்பும் நீரும் ஒட்டாது என்பதுதான் அதன் இயக்கம்: நீர் தடவிய கல்லில், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். லண்டனில் ஜெரிக்கோவின் தொகுப்பை அச்சிட்டவர் சார்ல்ஸ் ஹல்மண்டல். முகப்புப் படம் நீங்கலாகப் பன்னிரண்டு படங்கள். நிலக்கரி வண்டியும் லாடம் அடிப்பவரும் சந்தைக்குப் போகும் குதிரைகளும் அவற்றில் உண்டு. கல்லின் கறுப்பு ஆழமானது, பென்சிலுக்கு அது கிடைக்காது. பென்சிலின் மெல்லிய தயக்கம் கல்லில் கிடைக்காது.

முக்கியமான ஒன்று: அச்சில் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறிவிடும். பென்சில் தாளில் குதிரை இடப்பக்கம் பார்க்க, அச்சில் வலப்பக்கம் பார்த்தால், அந்தத் தாள் அச்சுக்கு முன்தயாரிப்பாக இருந்திருக்கக்கூடும். குதிரையை இடப்பக்கமிருந்து நடத்திச் செல்வது ஐரோப்பிய வழக்கம். வண்டிக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தாள் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

நீர்க்குறி உதவும். 1794-க்குப் பிறகு ஆங்கிலேயக் காகித ஆலைகள் பல, தாளுக்குள் ஆண்டையும் பதித்தன. தாளை ஒளிக்கு எதிரே பிடித்தால் தெரியும். அந்த ஆண்டுக்கு முன்னால் ஓவியம் வரையப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே அதிலிருந்து உறுதி. பின்னால் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம்.

இதைக் கற்பனாவாதம் என்பதா, யதார்த்தவாதம் என்பதா?

பெயருக்காக அதிக நேரம் செலவிடாதீர்கள். பிரெஞ்சுப் பெண் ஓவியர் ரோசா பொன்யோர் 1850-களில் தீட்டிய பிரமாண்டமான குதிரைச் சந்தை ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் ஜெரிக்கோவிடமிருந்து பெற்றது எவ்வளவு என்று தெரியும்; தோலின் நிறமும் சந்தையின் வெயிலும் அவருடைய சொந்தச் சம்பாத்தியம் என்பதும் தெரியும்.

இணையப் படத்தை வைத்து எழுதினால் போதாதா?

தொடங்குவதற்குப் போதும். ஆனால் திரையில் அளவு தொலைந்துபோகிறது. 'மெதூசாவின் தெப்பம்' ஏறத்தாழ 7 மீட்டர் அகலம். குறிப்பேட்டுத் தாள் ஒரு கையில் அடங்கும். இரண்டும் திரையில் ஒரே அளவில் தெரியும். கிராஃபைட்டின் மினுமினுப்பும், அழுத்திய இடத்தில் தாள் சற்றே பள்ளமானதும் படத்தில் வராது. படத்துக்குக் கீழே தரப்பட்டிருக்கும் சென்டிமீட்டர் அளவைப் பார்த்து, வெள்ளைத்தாளில் அதே அளவுக்குக் கட்டம் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். எழுத்தின் குரலே மாறிவிடும்.

மூலத் தாள்களை நேரில் பார்க்க அனுமதிப்பார்களா?

அனுமதிப்பார்கள், பலருக்கு இது தெரிவதில்லை. ஒளி பட்டால் தாள் பழுப்பேறும் என்பதால் இவ்வகை ஓவியங்களைச் சுவரில் நீண்ட நாள் மாட்டிவைப்பதில்லை. பெட்டிகளுக்குள் இருட்டில் இருக்கும். ஆனால் பெரிய அருங்காட்சியகங்களில் தாள் ஓவியங்களுக்கென்று தனிப் படிப்பறைகள் உண்டு. முன்கூட்டியே எழுதி நேரம் கேட்டால், நீங்கள் கேட்ட பெட்டியை மேசைக்குக் கொண்டுவந்து திறந்து வைப்பார்கள். கைகளைக் கழுவிக்கொண்டு போங்கள். குறிப்பெடுக்கப் பேனாவைக் கொண்டுபோகாதீர்கள், அறைக்குள் விடமாட்டார்கள். அங்கே பென்சிலுக்கு மட்டுமே அனுமதி.